திரும்பி வந்து எண்ணியவர்கள்

எங்கள் தொழிலில் 24 என்பது பெரிய எண். சிறிய தகடொன்றில் ஒரு துளை இருக்கும். அந்தத் துளையை நிரப்பினால் 41.7 மில்லிகிராம் மலம் பிடிக்கும். அதைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, கிளிசரினில் ஊறிய செலோபேன் துண்டால் மூடி, கவிழ்த்து அழுத்திப் பரப்ப வேண்டும். பிறகு நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ஓரிடமும் விடாமல் பார்த்து, கண்ணில் படும் புழு முட்டைகளை எண்ண வேண்டும். எண்ணி வந்ததை 24 ஆல் பெருக்கினால் ஒரு கிராம் மலத்தில் எத்தனை முட்டை என்று தெரியும். இதற்குக் கட்டோ–கட்ஸ் முறை என்று பெயர். ஜப்பானில் கட்டோ 1950களில் தொடங்கிவைத்ததை, பிரேசிலில் கட்ஸும் அவர் கூட்டத்தாரும் 1972 இல் இப்படி அளந்து செய்யும் வகைக்குக் கொண்டுவந்தார்கள். உலகத்தின் எந்த மூலையில் வயிற்றுப் புழுக் கணக்கெடுப்பு நடந்தாலும் பெரும்பாலும் இந்தத் துளைதான், இந்தப் பெருக்கல்தான்.

நான் பதுளையில் அரசாங்க ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிறந்தது பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில். அப்பாவுக்குக் கவ்வாத்து, அம்மாவுக்குக் கொழுந்து. தோட்டங்களில் புழுக் கணக்கெடுப்பு வரும்போதெல்லாம் நுணுக்குக்காட்டி பார்க்க ஆள் தேடுவார்கள். தமிழும் பேசத் தெரிந்த ஆள் கிடைத்தால் விடமாட்டார்கள். அப்படித்தான் இந்த வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. எந்த ஆய்வுக்கு எந்தச் சில்லைப் பார்த்தேன் என்பது இங்கே முக்கியமில்லை. நான் எண்ணிக் கொடுத்த தொகை கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று தேடப்போய், குடல் நோய்கள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும் பழக்கம் வந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கட்டுரையோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

மருத்துவ ஆய்வாளர் எவருக்கும் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டியல் உண்டு: எந்த ஆண்டு, எந்த இதழில், யாரோடு சேர்ந்து, எதைப் பற்றி எழுதினார் என்று. பதவி உயர்வுக்கு அதை எடை போடுவார்கள். எத்தனை கட்டுரை, எத்தனை பேர் அதை எடுத்துக்காட்டினார்கள் என்று கணக்குப் பார்ப்பார்கள். நான் அந்தப் பட்டியல்களை வேறொரு கேள்வியோடு படித்துப் பழகினேன். இந்த ஆள் ஒரு தடவை வந்து எண்ணிவிட்டுப் போனவரா, திரும்பி வந்து அதே இடத்தில் மறுபடி எண்ணியவரா? தோட்டத்து மக்களைப் பொறுத்தவரை ஓர் ஆய்வாளரின் தகுதி இதில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் எங்கள் வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். முதல்நாள் பாடசாலையில் பிள்ளைகளுக்கு மூடிபோட்ட சின்ன டப்பா கொடுப்போம். மேலே இலக்கம் மட்டும் இருக்கும். வீட்டில் தாயைக் கூப்பிட்டு எப்படி எடுப்பது, பழைய பத்திரிகைத் தாளை எப்படி விரிப்பது என்று விளக்க வேண்டும். தாய் காலையில் பிரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓட வேண்டியவள். அதற்குமுன் ரொட்டி சுட்டு, பிள்ளையைத் தோட்டத்துக் காப்பகமான புள்ளக்காம்பராவில் விட்டு, பீலியில் தண்ணீர் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்த ஓட்டத்துக்கு நடுவில் எங்கள் டப்பாவையும் நிரப்பிக் கொடுக்கிறாள் என்றால், அது எங்கள் மீது வைத்த நம்பிக்கை. கட்டுரையில் அது "மாதிரிகள் பெறப்பட்டன" என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடும்.

லுணுகலைக்குப் போகிற வழியில் ஒரு தோட்டத்தில், அம்மா வயதுப் பெண் ஒருவர் டப்பாவை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"என்னா தம்பி, படிச்ச புள்ள நீங்க. இதப் போயி ஏந்திக்கிட்டுத் திரியிறீங்களே?"

"பூச்சி முட்டை இருக்கானு பாக்கணும்மா. இருந்தா மருந்து வரும்."

"மருந்து வரும் தம்பி. வந்துக்கிட்டேதான் இருக்கு. பீலித் தண்ணிக்கு யாரு வருவா?"

அதற்குப் பிறகு நான் படித்த ஒவ்வொரு கட்டுரையையும் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படித்தேன்.

டப்பாக்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்து சேர்ப்பது அடுத்த பாடு. வளைவுக்கு வளைவு குலுங்கும் பாதை. தாமதம் ஆகக்கூடாது, ஏனென்றால் கொக்கிப்புழு முட்டை காத்திருக்காது. அதன் ஓடு மெல்லியது. கிளிசரின் மலத்தைத் தெளிய வைப்பதுபோலவே அந்த முட்டையையும் தெளிய வைத்துக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடும். சில்லு போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கொக்கிப்புழுவைப் பார்த்து முடித்துவிட வேண்டும். நாக்குப்பூச்சி முட்டை அப்படியில்லை. பழுப்பு நிறம், மேலெல்லாம் புடைப்பு, நாள் கழித்தும் அப்படியே நிற்கும். சாட்டைப்புழு முட்டை இரு முனையிலும் அடைப்பு வைத்த பீப்பாய். ஒரு தடவை பார்த்தவன் அதை மறக்கமாட்டான். பத்தில் ஒரு சில்லையாவது இன்னொருவர் மறுபடி பார்ப்பார். இருவர் தொகையும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது ஆள் உட்காருவார்.

இந்த வேலை செய்கிறோம் என்று எங்களைப் பார்த்து மூக்கைப் பொத்தியவர்களும் உண்டு, பரிதாபப்பட்டவர்களும் உண்டு. இரண்டுக்கும் அவசியமில்லை. அன்றைய மலத்தில் இருக்கும் நாக்குப்பூச்சி முட்டை எவரையும் தொற்றாது. மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முதிர்ந்தால்தான் அதற்கு அந்த வலிமை வரும். அதாவது இந்தப் புழுவின் ஆபத்து எங்கள் மேசையில் இல்லை. லயத்துக்குப் பின்னால் உள்ள மண்ணில், மரக்கறிப் பாத்தியில், பிள்ளை தவழ்ந்து விளையாடும் வாசலில் இருக்கிறது.

தோட்டங்களில் இந்த எண்ணிக்கை 100 ஆண்டுகளுக்கும் மேலான கதை. அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை 1916 இல் மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. செனோப்போடியம் எண்ணெய் என்ற கடுமையான மருந்தைக் கொடுத்தார்கள். குடித்தவர்களுக்குத் தலைசுற்றும், வாந்தி வரும். மருந்து கொடுத்த மக்களுக்குப் புழு திரும்பவும் வந்தது. மலசலகூடம் கட்டுவதற்குத் தோட்ட நிர்வாகங்கள் பணம் செலவழிக்கத் தயங்கின. மருந்துக்கு மட்டும் மறுப்பில்லை. லுணுகலைப் பாதையில் அந்த அம்மா கேட்ட கேள்வியை அன்றே யாரோ ஒரு பாட்டி கேட்டிருப்பாள் என்று நம்புகிறேன். கொக்கிப்புழு வகைகளில் ஒன்றுக்கு நம் நாட்டின் பெயரே உண்டு: அன்சைலோஸ்டோமா செய்லானிக்கம். 1911 இல் லூஸ் என்ற விஞ்ஞானி, இலங்கையில் ஒரு புனுகுப்பூனையிடமிருந்து கிடைத்த புழுவை வைத்து அதை விவரித்தார். நம் மக்களிடம் அதிகம் இருப்பது அதுவல்ல, நெக்கேட்டர் அமெரிக்கானஸ்.

இந்த நெக்கேட்டர் ஒன்று நாளொன்றுக்கு உறிஞ்சும் இரத்தம் சுமார் 0.03 மில்லிலீற்றர். ஒன்றும் இல்லை போலத் தோன்றும். 100 புழு இருந்தால் 3 மில்லிலீற்றர், ஒவ்வொரு நாளும், ஆண்டுக்கணக்கில். ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் உண்டு கூடை சுமக்கிற உடம்பில் அந்த இரும்புச்சத்து எங்கிருந்து திரும்பி வரும்? 1979 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஒரு கட்டுரை வந்தது. எட்ஜர்ட்டன், கார்ட்னர், ஒஹிரா, குணவர்தன, செனவிரத்ன ஆகியோர் எழுதியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களில் சிலருக்கு இரும்புக் குளிசையும் சிலருக்கு வெறும் குளிசையும் கொடுத்து, அவர்கள் பறிக்கும் கொழுந்தின் எடையைப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில், இரத்தம் ஏறியவர்கள் கூடுதலாகப் பறித்தார்கள். ஹீமோகுளோபின் 6 க்கும் 9 க்கும் இடையில் இருந்தவர்களிடம் முன்னேற்றம் இன்னும் அதிகம்.

இந்தக் கட்டுரையை முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரு பெண்ணின் நலத்தை அளக்கக் கொழுந்து நிறுக்கும் தராசா கிடைத்தது என்று. பிறகு யோசித்தேன். ஹீமோகுளோபின் 6 என்றால் மூச்சு வாங்கும், மலையேற முடியாது, நெஞ்சு படபடக்கும். அந்த நிலையில் ஒரு பெண் நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள் என்பதை உலகத்துக்கு அச்சில் வைத்துக் காட்டியது அந்தக் கட்டுரைதான். கொழுந்தின் நிறையைப் பற்றெழுதுகிற ஆட்களுக்கும் புரிகிற மொழியில் சொன்னார்கள். என் அம்மாவின் தலைமுறையைப் பற்றிய கட்டுரை அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

1992 ஒரு திருப்பம். தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போன ஆண்டு அது. தோட்ட மக்களின் வீடமைப்புக்கும் சமூக நலனுக்குமென ஒரு நம்பிக்கை நிதியம் அமைந்ததும் அந்த ஆண்டுதான். அதே 1992 இல் தோட்டத்துறை முழுவதையும் தழுவி 3 முதல் 12 வயதுவரையான பிள்ளைகளிடமும் பிள்ளைபெறும் வயதுப் பெண்களிடமும் புழுக் கணக்கெடுத்தார்கள். 90 சதவீதத்துக்கும் மேல் தொற்று இருந்தது. பத்துப் பேரில் ஒன்பது பேர். எங்கள் லயத்தில் அப்போது புழு இல்லாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்திருக்கும். 1994 இல் 3 முதல் 18 வயதுவரை எல்லோருக்கும் ஆண்டுக்கு இரு தடவை பூச்சிக் குளிசை கொடுக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் அத்துக்கோரளவும் அவருடன் சேர்ந்தவர்களும் தோட்டத்துறைக் கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு அமெரிக்கப் போஷாக்கு இதழொன்றில் வந்தது: இரும்பும் ஃபோலேட்டும் மட்டும் கொடுப்பதைவிட, கூடவே புழு மருந்தும் கொடுத்தால் இரத்தம் நன்றாக ஏறுகிறது என்று. சோரன்சனும் இஸ்மாயிலும் மற்றவர்களும் எழுதிய இன்னொரு கட்டுரையும் 1994 இல் வந்தது. பாதுகாப்பான தண்ணீரும் மலசலகூட வசதியும் புழுத் தொற்றோடு எப்படித் தொடர்புபடுகின்றன என்பது அதன் பொருள். அந்த அம்மாவின் கேள்வியை நேராக எடுத்துக்கொண்ட கட்டுரை என்பதால் எனக்கு அதன்மீது தனி மரியாதை.

இனி ஒருவருடைய பட்டியலுக்கு வருகிறேன். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் ஒட்டுண்ணியியல் பேராசிரியராக இருந்தவர் நிலாந்தி டி சில்வா. ராகமையில் அந்த மருத்துவ பீடம் 1991 இல் தொடங்கியது. அவரோடு எனக்கு நேர்ப் பழக்கம் இல்லை. எழுத்தின் வழியாகத்தான் தெரியும். 1997 இல் கையாட், பண்டி ஆகியோருடன் சேர்ந்து, நாக்குப்பூச்சி திரண்டு குடலை அடைப்பதால் வரும் நோயையும் சாவையும் பற்றி எழுதினார். அந்த அடைப்பைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். வயிறு உப்பிக் கல்லாகி, பச்சையாக வாந்தி எடுத்து, பிள்ளை துவண்டுபோகும். தோட்டத்திலிருந்து வாகனம் கிடைத்து வைத்தியசாலைக்கு வந்து சேர்வதற்குள் எவ்வளவோ நடந்துவிடும். பெரும்பாலும் சாதாரணத் தொல்லை என்று சொல்லப்படுகிற ஒரு புழுவால் சாகவும் முடியும் என்பதைத் தொகுத்து வைத்த கட்டுரை.

1999 இல் லான்செட் இதழில் வந்தது அவருடைய பெயர் பெற்ற கட்டுரை. கர்ப்பத்தின் இரண்டாவது மூன்று மாதத்தில் மெபெண்டசோல் கொடுக்கலாம் என்று இலங்கையில் பரிந்துரை இருந்தது. அது சிசுவைப் பாதிக்குமா என்ற பயமும் இருந்தது. மருந்து எடுத்த 5,275 பெண்களையும் எடுக்காத 1,737 பெண்களையும் வைத்துப் பார்த்தார்கள். பெரிய பிறவிக் குறைபாடு முதல் கூட்டத்தில் 1.8 சதவீதம், இரண்டாவதில் 1.5, புள்ளிவிபரப்படி சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. செத்துப் பிறந்த, பிறந்ததும் இறந்த சிசுக்கள் மருந்து எடுத்தவர்களிடம் 1.9 சதவீதம், எடுக்காதவர்களிடம் 3.3. முதல் மூன்று மாதத்தில் இந்த மருந்தை எடுக்கக்கூடாது என்பதையும் கட்டுரை தெளிவாகச் சொன்னது. தோட்டத்து மருத்துவிச்சி அம்மாமார் எத்தனையோ பேரிடம் "பூச்சிக் குளிசை போட்டா புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று கர்ப்பிணிகள் கேட்பதை நான் கேட்டிருக்கிறேன். அதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்ல முடிந்தது இந்தக் கட்டுரைக்குப் பிறகுதான். 2003 இல் புரூக்கர், ஹோட்டெஸ் முதலியவர்களோடு சேர்ந்து உலகக் கணக்கையே எடுத்தார்: நாக்குப்பூச்சி 120 கோடிப் பேருக்கு, சாட்டைப்புழு 79.5 கோடி, கொக்கிப்புழு 74 கோடி. உலகமெங்கும் எடுத்துக்காட்டப்பட்ட எண்கள் அவை.

பட்டியலின் கனம் என்று பார்த்தால் லான்செட் கட்டுரையும் உலகக் கணக்கும்தான் முன்னால் நிற்கும். எனக்கு அவற்றைவிடப் பெரியது 2011 இல் வந்தது. கிட்சிரி குணவர்தன முதல் ஆசிரியர். பாலச்சந்திரன் குமரேந்திரன், ரோஷினி எபெனேசர், முதித சஞ்சீவ குணசிங்க, அருணாசலம் பத்மேஸ்வரன் ஆகியோரோடு கடைசிப் பெயராக நிலாந்தி டி சில்வா. எவரும் பணம் கட்டாமல் படிக்கக்கூடிய பிளோஸ் இதழ்களில் ஒன்றில் வெளியானது. 1994 இல் தொடங்கிய குளிசைத் திட்டம் 2005 இல் நின்றுவிட்டது. நின்று நாலு வருடம் கழித்து, இப்போது நிலைமை எப்படி என்று போய்ப் பார்த்தார்கள். ஐந்து மாவட்டங்களில் 114 பாடசாலைகள். 1,890 பிள்ளைகளின் மாதிரிகள். பாடசாலையையும் வீட்டையும் நேரில் போய்ப் பார்த்துக் குறித்தார்கள். ஏதாவதொரு புழு இருந்தது 29.0 சதவீதத்தினரிடம். நடுத்தரமோ கடுமையோ ஆன தொற்று 11.6 சதவீதம்.

எங்கள் சில்லின் கணக்கில் இதைச் சொன்னால் இன்னும் உறைக்கும். நாக்குப்பூச்சியில் நடுத்தரத் தொற்று என்பது கிராமுக்கு 5,000 முட்டையில் தொடங்குகிறது. 24 ஆல் வகுத்துப் பாருங்கள்: அந்தச் சின்னச் சில்லில் 209 முட்டையாவது எண்ணியிருக்க வேண்டும். கொக்கிப்புழுவுக்கு 2,000, அதாவது 84 முட்டை. பத்து வருடம் குளிசை விழுங்கிய தோட்டங்களில், நாலே வருட இடைவெளியில், புழு கண்ட பத்துப் பிள்ளைகளில் நாலு பேருடைய சில்லு இப்படி நிரம்பிக் கிடந்தது. குளிசையை மட்டும் நம்பினால், நிறுத்தியதும் தொற்று 20 சதவீதத்தைத் தாண்டி மீண்டுவிடும், மலசலகூடமும் சுகாதாரக் கல்வியும் கூடவே வர வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். மறுபடி குளிசை கொடுக்கவும் கேட்டார்கள்.

இதைப் பெரிதென்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 90 ஐ 29 ஆக்கினோம் என்று விழா எடுத்திருக்கலாம். முடிந்துபோன திட்டத்தின் கதவைத் திறந்து பார்க்க யாருக்கும் கட்டாயம் இல்லை. அவர்கள் திறந்து பார்த்தார்கள். நல்லது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று எழுதினார்கள். தமிழ்நாட்டில் வேலூரில் பேக்கரும் மாத்தனும் 1960களில் ஸ்ப்ரூ என்ற வயிற்றோட்ட நோயைத் தேடிக் கிராமங்களுக்குப் போய், பிறகு ஆண்டாண்டாக அந்த மக்களின் குடலையே படித்தார்கள். அந்த வகைப் பிடிவாதம் இது.

அந்தக் கட்டுரை ஆபத்துக் காரணிகள் என்று சொன்னவற்றில் இரண்டு என்னை விடவில்லை. ஒன்று, தாழ்ந்த உயரம். மூன்று புழுவுக்கும் அது காரணி. ஐந்தில் இரண்டு மாவட்டங்களில் கொக்கிப்புழு காணப்படவே இல்லை. ஊவாவைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீற்றர். பதுளை 680 மீற்றர்தான். அப்புத்தளையில் மப்ளர் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுகிறவன் பதுளையில் இறங்கும்போது சட்டைப் பொத்தானைத் திறந்துவிடுவான். கொக்கிப்புழுக் குஞ்சுக்குக் கதகதப்பும் ஈரமும் நிழலும் உள்ள மண் வேண்டும். பசறை, லுணுகலை, அல்துமுல்லைக்குக் கீழே என்று இறங்க இறங்க அந்த மண் கிடைக்கிறது. தேயிலைத் தூரின் நிழலே போதும். இங்கே மழை பெரும்பாலும் ஐப்பசியில் தொடங்கித் தைவரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும். ஆனி, ஆடி, ஆவணியில் கச்சான் காற்று மலையைத் தாண்டிக் காய்ந்துபோய் வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகம் அறிந்த வாசம் தருவதும் அந்தக் காற்றுதான். அந்த வறட்சியில் புழுக் குஞ்சு மண்மேல் நிலைக்காது. ஆகவே கார்த்திகையில் எடுத்த மாதிரியையும் ஆவணியில் எடுத்த மாதிரியையும் ஒன்றாகப் போட்டுப் பேசக்கூடாது என்று குழுவோடு வரும் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டேயிருப்பேன். நாக்குப்பூச்சி முட்டைக்கு இந்தக் கவலை இல்லை. அது மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இன்னொன்று, தாயின் குறைந்த கல்வி. இதைப் படித்துவிட்டு, "தாய்மாருக்கு அறிவில்லை" என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. 2009 வாக்கில் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குத் தாயானவள் பள்ளிக்குப் போகவேண்டிய காலம் 1980கள். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். பல இடங்களில் ஒரே கூரை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு சரி. அதன்பிறகு தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவோ கொழுந்துக்கோ போனவள் அவள். அவளுக்குப் பள்ளிக்கூடம் கொடுக்காத நாட்டின் கதை அந்தக் காரணியில் இருக்கிறது. மலசலகூட வசதி மோசம் என்பது நாக்குப்பூச்சிக்கும் கொக்கிப்புழுவுக்கும் காரணியாக வந்தது, சாட்டைப்புழுவுக்கு வரவில்லை. சாட்டைப்புழு ஒரு வேளைக் குளிசைக்கு எளிதில் அசைவதில்லை என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்தது.

ஊவாவில் தோட்டங்கள் மட்டும் இல்லை. மகியங்கனைப் பக்கம் தம்பானையில் வேடர் சமூகத்துப் பிள்ளைகளின் குடற் புழுக்களையும் போஷாக்கையும் பற்றி சந்திரசேன முதலியோர் 2004 இல் எழுதினார்கள். அதிலும் நிலாந்தி டி சில்வாவின் பெயர் உண்டு. தோட்டப் பிள்ளைகள் பற்றிய கட்டுரை வந்த அதே 2011 இல் வேறொரு களனிக் குழு, ஜனக டி சில்வாவும் பினிதியபத்திரகேயும் மற்றவர்களும், நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு தோட்டங்களில் ஈரலை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மதுவால் வராத ஈரல் கொழுப்பு, உடல் உழைப்பு மிகுந்த அந்த ஏழை மக்களிலும் 18 சதவீதத்தினருக்கு இருந்தது. வேலை செய்கிற உடம்புக்கு இது வராது என்று நம்பியிருந்தவர்களில் நானும் ஒருவன். ஒரே லயத்தில் பேரனுக்கு நாக்குப்பூச்சி, தாத்தாவுக்கு ஈரலில் கொழுப்பு என்ற காலத்துக்கு வந்துவிட்டோம். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

2017 இல் நாடு முழுக்கப் பாடசாலைகளில் மறுபடி எண்ணினார்கள். 2019 இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் அது வெளியானது. எதிரிவீர முதல் ஆசிரியர். யாழ்ப்பாணத்திலிருந்து கண்ணதாசனும் முருகானந்தனும், இடப் புள்ளிவிபரத்துக்குப் பீட்டர் டிக்கிளும் இருந்தார்கள். கடைசிப் பெயர் மறுபடியும் நிலாந்தி டி சில்வா. 130 பாடசாலைகள், 5,946 பிள்ளைகள். நாட்டின் சராசரித் தொற்று 0.97 சதவீதம். நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதோடு நிறுத்தியிருந்தால், இலங்கையில் புழுப் பிரச்சினை முடிந்தது என்று கோப்பை மூடிவிடலாம். தோட்டத்துறையையும் நகரச் சேரிகளையும் அவர்கள் தனியே எடுத்து எண்ணியிருந்தார்கள். சேரிகளில் 2.73 சதவீதம், தோட்டங்களில் 9.02. நாட்டுச் சராசரியைவிட ஒன்பது மடங்கு.

1992 இன் 90 இலிருந்து 9 க்கு வந்திருக்கிறோம் என்பது பெரிய விஷயம். அதைக் குறைத்துப் பேசமாட்டேன். குளிசை கொடுத்த ஆசிரியர்கள், மருத்துவிச்சிமார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், கட்டிக்கொடுக்கப்பட்ட மலசலகூடங்கள், பள்ளிக்கூடம் முடித்த இளம் தாய்மார் எல்லாம் அதில் இருக்கிறார்கள். சராசரிக்குள் நம்மைக் கரைந்துபோக விடாமல் தனியே எண்ணிக் காட்டியது அந்தக் கட்டுரையின் பெருமை. ஏற்கெனவே வந்து எண்ணியவர்களுக்குத்தான் எங்கே தனியாகப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

தொற்றுக் குறையக் குறைய எங்கள் வேலை கடினமாகிறது. ஒரு சில்லில் ஒரே ஒரு முட்டை என்றாலும் கிராமுக்கு 24. அதற்கும் கீழே இருப்பது ஒற்றைச் சில்லில் பெரும்பாலும் தவறிவிடும். 90 சதவீதம் இருந்த காலத்தில் ஒரு சில்லு போதும். 9 சதவீதத்தில் ஒரு மாதிரிக்கு இரண்டு சில்லாவது போட வேண்டும். முடிந்தால் மரபணுப் பரிசோதனையும் கூட வேண்டும். இளம் தொழினுட்பவியலாளர்களிடம் நான் சொல்வது: நாள் முழுக்க வெறும் சில்லுகளாகப் பார்த்து அலுத்துப்போன பிற்பகலில்தான் அந்த ஒற்றை முட்டை வரும்; பிற்பகல் சில்லுகளை இருவர் பாருங்கள்.

கட்டுரை வந்தால் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும் என்பது நான் ஓய்வுபெற்ற பிறகு எடுத்துக்கொண்ட வேலை. புள்ளக்காம்பராவிலோ கோவில் மண்டபத்திலோ கூடுவோம். ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போவேன்: 90, 29, 9. எந்த ஆண்டு, யார் எண்ணினார்கள், எதனால் குறைந்தது, எது மிச்சம். ஆயிரத்தெட்டு வேலைக்கு நடுவில் டப்பாவை நிரப்பிக் கொடுத்த பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பார்கள். மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு கூட்டத்தில், கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் எழுந்தார்.

"ஐயா, எல்லாத்துலயும் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களத்தான பாத்திருக்காங்க? செருப்பு இல்லாம மலைக்குப் போறது நாங்க. எங்கள யாரு பாத்தா?"

1992 இல் பெண்களையும் பார்த்தார்கள் என்று சொன்னேன். 2011, 2019 கட்டுரைகளுக்காக வந்து எண்ணியவர்கள் பாடசாலைகளில்தான் எண்ணினார்கள். நாக்குப்பூச்சியும் சாட்டைப்புழுவும் பிள்ளைகளிடம் அதிகம் என்பதால் அந்த இரண்டுக்கும் அது சரியான இடம். கொக்கிப்புழு அப்படியில்லை; அதன் பாரம் வயதோடு ஏறும், பெரியவர்களிடமே கனக்கும். ஊவாவின் தாழ்ந்த தோட்டங்களில், மழைக்காலம் முடியும் மாசி பங்குனியில், மலைக்குப் போகும் பெண்களிடம் புழுவையும் ஹீமோகுளோபினையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். எத்தனை டிவிசன், எத்தனை பேர், எத்தனை சில்லு, பெட்டிக்கு எங்கே ஐஸ் கிடைக்கும் என்பதுவரை எழுதி, ஒட்டுண்ணியியல் கற்பிக்கும் இளம் விரிவுரையாளர் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறேன். நுணுக்குக்காட்டி பார்க்க ஆள் குறைந்தால் நான் வருவேன் என்றும் அடியில் எழுதியிருக்கிறேன்.